அம்மிணிக்கு எந்த கயாக்?

"அம்மிணி, உங்களுக்கெதுக்குங்க அத்தாம் பெரிய போட்டு? சின்னதாப் பாத்து எடுத்துக்குங்க, தூக்கறதுக்கும் லேசா இருக்குமுங்க." ஒயிட்வாட்டர் கயாக், அதாவது பாறையில் மோதி நுரைத்து ஓடும் ஆற்றில் ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு, பழக ஆசைப்பட்டு முதல் படகு தேடும் பெண்ணுக்கு நம் பக்கத்தில் கிடைக்கிற முதல் யோசனை இது. இரண்டாவது யோசனை நேர் எதிர்த் திசையிலிருந்து வரும்: "வீட்டுக்காரர் போட்டு சும்மாதானுங்களே கெடக்குது, அதுலயே பழகிக்குங்க." சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டும் எனக்குள் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்று அவளைக் குழந்தையாக்குகிறது. மற்றது, வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிற சட்டைபோல, என்றைக்காவது பொருந்தும் என்று காத்திருக்கச் சொல்கிறது. முப்பது வயதுப் பெண் இனி வளரப்போவதில்லை. அவள் எடை என்ன, இடுப்பு அகலம் என்ன, தொடை எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதே இல்லை. நாலு தடவை கவிழ்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, "நமக்கு இது ஒத்து வராதுங்க" என்று ஒதுங்கிப் போகிற பெண்களில் பலரைத் தோற்கடிப்பது ஆறு கிடையாது, அளவு சேராத படகு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலம் போதாது என்கிற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2018இல் பிரான்ஸ் நாட்டுக் கயாக் வீராங்கனை நூரியா நியூமன் லடாக்கின் ஆறுகளில் ஒரு வாரம் தன்னந்தனியாகப் படகோட்டினார். நமக்குப் பக்கத்திலேயே, கோழிக்கோடு மாவட்டத்தில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவில் ஆண்களுக்கு ரேபிட் ராஜா பட்டம் என்றால் பெண்களுக்கு ரேபிட் ராணி பட்டம். சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா வெள்ளத்தில் ஜெயிக்கிற அந்தப் பெண்கள் தங்கள் உடம்புக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

75 கிலோ கணக்கு

கடைக்காரர் சொல்லும் நீள அகலத்தைக் கேட்பதற்கு முன் ஒரு கூட்டல் போட்டுவிடுங்கள். பெண்ணின் எடை 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஸ்கர்ட் (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பிலிருந்து படகின் வாயை மூடும் விரிப்பு), துடுப்பு, மீட்புக் கயிற்றுப் பை, குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 6 கிலோ. படகு 17 கிலோ. மொத்தம் 75. ஒரு கிலோ மிதக்க ஒரு லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும் என்பதால், படகின் 75 லிட்டர் தண்ணீருக்குள் இருக்கும். படகின் மொத்தக் கொள்ளளவு 220 லிட்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே, மீதி மேலே. இது நல்ல விகிதம். அலை மேலே ஏறினாலும் படகு தன்னால் எழுந்து வரும், சாய்த்தால் சொன்ன பேச்சும் கேட்கும்.

அதே பெண்ணைக் கணவரின் 300 லிட்டர், 21 கிலோ படகில் உட்கார வையுங்கள். இப்போது உள்ளே இருப்பது கால் பங்குதான். முக்கால் பங்கு படகு தண்ணீருக்கு மேலே நின்று காற்றையும் அலையையும் வாங்கும். படகின் ஓரம் தண்ணீரைக் கவ்வாது, திருப்பினால் வழுக்கும். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு இது விளங்கும். குடுக்கை பெரிதாக இருந்தால் மூழ்க விடாது, ஆனால் உடம்பை அது இழுத்த பக்கம் புரட்டும். கைக்கு அடங்கிய குடுக்கையில்தான் காலை உதைத்து முன்னேற முடியும்.

சின்னப் படகின் கதை வேறு. வித்தை காட்டுவதற்காகச் செய்யப்படும் பிளேபோட் ஒன்று 160 லிட்டர், 14 கிலோ இருக்கும். அதில் 72 கிலோ ஏறினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீருக்குள். அதன் பின்முனை தட்டையாக, கத்திபோல் இருக்கும். ஓட்டம் அந்த முனையைப் பிடித்து அழுத்தினால் படகு செங்குத்தாக எழும்பிக் கவிழும். அதற்காகவே உருவான படகு அது. தேர்ந்தவர்களுக்கு விளையாட்டு, புதியவர்களுக்கு, ஓடும் நீரும் நின்ற நீரும் உரசுகிற ஒவ்வொரு ஓட்டக்கோட்டிலும் குளியல். "சின்னதா எடுங்க" என்கிறவர் மிச்சப்படுத்தித் தருவது 3 கிலோ. கரையில் பத்து நிமிடச் சுமைக்காக ஆற்றில் மூன்று மணி நேரத்தைப் பலி கொடுக்கக் கூடாது. 17 கிலோ படகை உட்காரும் வாயின் விளிம்பைத் தோளில் மாட்டி, லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாகப் போட்டு, ஐம்பத்திரண்டு கிலோ பெண் தனியாகவே தூக்கிவிடலாம்.

ஒவ்வொரு படகுக்கும் தயாரிப்பாளர் ஓட்டுநரின் எடை வரம்பு ஒன்று கொடுத்திருப்பார். உங்கள் எடை அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். கீழ் விளிம்பில் விழுந்தால் படகு உங்களை ஓட்டும், மேல் விளிம்பில் விழுந்தால் தண்ணீர் உங்கள் மேல் ஓடும். ஒரே மாதிரியை மூன்று நான்கு அளவுகளில் வார்க்கும் நிறுவனங்கள் இருப்பது பெண்களுக்குப் பெரிய வசதி. டேகர் மாம்பா, பைரான்ஹா பர்ன், லிக்விட்லாஜிக் ரீமிக்ஸ் எல்லாம் அப்படி வந்தவை. பழைய மாம்பாவில் 7.6, 8.1, 8.6 என்று அடிக்கணக்கே பெயராக இருந்தது. இவற்றில் சிறிய அளவு என்பது பொம்மைப் படகு கிடையாது. பெரிய அளவின் குணம் முழுவதையும் எடை குறைந்த உடம்புக்குச் சுருக்கித் தருவது.

எந்தத் தண்ணீருக்கு

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு படகு வாங்குகிறவர் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு ஆறுகள் உண்டு, ஆனால் பழகுவதற்கு ஏற்ற பாறையோட்டம் வீட்டு வாசலில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பவானி அமைதியாகத் தெரியும். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் சற்று நேரத்தில் ஆறு உயர்ந்துவிடும். குளிக்க இறங்கியவர்களை அது கொண்டுபோன செய்தி நமக்குப் புதிதில்லை. மோயாறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது, அங்கே படகுக்கு இடமே இல்லை. அமராவதி அணையில் முதலை. மேட்டூருக்குக் கீழே காவிரி கதவணை கதவணையாகத் தேங்கி நிற்கிறது. அனுமதி கிடைக்கும் இடத்தில், கதவுகளை விட்டு வெகு தள்ளி, துடுப்புப் பழக அந்தத் தேங்கிய நீர் நல்லது. கொடிவேரி மாதிரியான அணைக்கட்டின் அடிவாரத்தைப் பார்த்து "இதுல இறங்கினா ஜாலியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அவரோடு ஆற்றுக்குப் போகாதீர்கள். அணைச் சுவர் நேராக, ஒரே மட்டமாக இருப்பதால் அடியில் புரளும் தண்ணீர் கரைக்குக் கரை ஒரே சுருளாகத் திரும்பி அணைச் சுவரை நோக்கியே இழுக்கும். பாறைக்குப் பின்னால் இருக்கிற சுருளுக்காவது பக்கவாட்டில் ஒரு வாசல் உண்டு. அணையடிச் சுருளுக்கு அது கிடையாது.

ஆக நம் பக்கத்துப் பெண் முதல் வருடத்தில் பாதி நாட்கள் தேங்கிய நீரிலோ நீச்சல் குளத்திலோ பழகுவாள். மீதி நாட்கள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கோழிக்கோடு மாவட்டத்துத் துஷாரகிரிப் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகோ, கர்நாடகத்தின் தண்டேலியில் காளி ஆற்றிலோ இறங்குவாள். இந்த இரண்டுக்கும் ஒத்துவருவது ரிவர் ரன்னர் என்கிற வகை. நீளம் 230 முதல் 260 செ.மீ., முன்முனை வாழைப்பழம்போல் மேல்நோக்கி வளைந்தது. அருவிகளுக்கென்று செய்த கிரீக் படகு பாதுகாப்பானதுதான், ஆனால் உருண்டு திரண்டது. தேங்கிய நீரில் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், எடை குறைந்தவருக்கு அது ஓரம் பிடிக்கக் கற்றுத்தரவும் செய்யாது.

அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். முழுத் தட்டையாக, ஓரம் கூர்மையாக இருந்தால் குளத்தில் பரிசல்போல் ஆடாமல் நிற்கும். ஆற்றில் அந்தக் கூர்ஓரத்தை ஓட்டம் பிடித்துக்கொண்டால் எச்சரிக்கையே இல்லாமல் கவிழ்க்கும். முழு உருண்டையாக இருந்தால் குளத்தில் தள்ளாடும், ஆற்றில் பொறுமையாக இருக்கும். புதியவருக்கு நடுவாந்தரம் வேண்டும்: அடி ஓரளவு தட்டை, உட்காரும் இடத்தில் ஓரம் தெரிகிற மாதிரி, முன்னும் பின்னும் மழுங்கிப் போகிற மாதிரி.

ஓட்டக்கோட்டில் நடப்பது

எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கிய பிறகும் ஒரு இடத்தில் முக்கால்வாசிப் பெண்கள் கவிழ்கிறார்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டம் வரும் திசைக்கே திரும்பி அமைதியாக நிற்கும் பகுதியை எடி என்பார்கள். எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது, இரண்டு தண்ணீரும் உரசுகிற கோட்டைப் படகு கடக்க வேண்டும். மூக்கு ஓட்டத்துக்குள் போன அந்த நொடியில் ஓட்டத்தோடு வரும் தண்ணீர் படகின் அந்தப் பக்க ஓரத்தில் மோதும். அந்த ஓரத்தைத் தூக்கி, படகை ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தால் தண்ணீர் அடியில் வழுக்கிப் போய்விடும். சாய்க்காவிட்டால் ஓரத்தின் மேல் ஏறி அழுத்தும், படகு ஓட்டம் வரும் பக்கமாகப் புரளும். கண்ணிமைக்கும் நேரம்தான்.

கரையில் நிற்கும் பயிற்சியாளர் "சாயுங்க, சாயுங்க!" என்று கத்துகிறார். அவள் சாய்கிறாள். ஆனால் இருக்கையில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. தொடையை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் தொடைப் பிடியில் முழங்கால் படவே இல்லை. அவள் சாய்ந்ததில் முதலில் நகர்ந்தது உடம்பு, இடுப்பு போய் ஓரத்தில் இடித்த பிறகுதான் படகுக்குச் செய்தி போகிறது. அரை நொடி தாமதம். ஓட்டம் அரை நொடி காத்திருப்பதில்லை. கவிழ்ந்து எழுந்தவளிடம் "நீங்க சாயவே இல்லைங்க" என்கிறார்கள். அவள் சாய்ந்தாள். படகு சாயவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிற இரண்டு விரல் இடைவெளிதான் நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். அதே பெண்ணை, அதே படகில், பக்கத்துக்கு 2 செ.மீ. ஃபோம் வைத்து, தொடைப் பிடியை நகர்த்தி, அதே எடிக்கு அனுப்பினால் முழங்காலை லேசாகத் தூக்கியதுமே படகு கூடவே எழும்.

ஒயிட்வாட்டர் படகில் இருக்கையும் பிடிகளும் நகர்த்துவதற்காகவே உள்ளவை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சராசரி ஆணுக்கு வைத்த இடத்தில் இருக்கும். அரைநாள் ஒதுக்கி இதைச் செய்யுங்கள், வரிசை மாறக் கூடாது. முதலில் இருக்கையின் உயரம். உடம்பின் மேற்பாகம் குட்டையாக இருந்தால் படகின் விளிம்பு விலாவில் இடிக்கும், துடுப்பு போடும்போது முழங்கை தட்டும், கை தூக்கித் தூக்கித் தோள் வலிக்கும். அடியில் 2 அல்லது 3 செ.மீ. ஃபோம் கொடுத்தால் போதும். பெண்ணுடம்பின் எடை மையம் தாழ்ந்திருப்பதால் அந்த உயரத்தில் தள்ளாட்டம் பெரிதாக வராது. அதற்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால் படகே பெரிது என்று அர்த்தம். அடுத்து கால். பாதம் ஊன்றும் தடுப்பு, கடைசித் துளைவரை இழுத்தாலும் எட்டாத பெண்கள் உண்டு. அங்கே 5 முதல் 10 செ.மீ. ஃபோம் கட்டை சேர்க்கலாம். ஆனால் தடுப்பின் பக்கவாட்டில் பாதம் நழுவி அந்தப் பக்கம் போகிற சந்து இருக்கவே கூடாது. பாறையில் மோதும்போது கால் அங்கே போய்ச் சிக்கினால் வெளியே வர முடியாது. மெட்டி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு மெல்லிய ஷூ அணிந்து அளவு பாருங்கள், ஊன்றும்போது விரலில் அழுத்திக் காயமாக்கும்.

மூன்றாவது தொடைப் பிடி. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் மேல் படிய வேண்டும். முழங்கால் சில்லின் மேல் மட்டும் நின்றால் பிடி தள்ளி இருக்கிறது, நட்டைத் தளர்த்திப் பின்னால் கொண்டுவாருங்கள். நான்காவது இடுப்பு. உள்ளங்கை நுழையக் கூடாது, விரல் நுனி நுழையலாம். இடுப்பு அகலமான பெண்ணுக்குச் சில படகுகளில் கொடுத்திருக்கும் பட்டையையே மெலிதாக்க வேண்டி வரும், கூச்சப்படாமல் அறுத்துவிடுங்கள். கடைசியாக முதுகுப் பட்டை. அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் நிற்க வேண்டும், விலாவுக்கு ஏறக் கூடாது. பலர் இதைத்தான் முதலில் இறுக்குகிறார்கள். கால் மரத்துப் போவது பெரும்பாலும் அதனால், அல்லது தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாததால்.

ஃபோம் வாங்கும்போது குஷன் ஸ்பாஞ்ச் வேண்டாம். கோவை, திருப்பூர் ஃபோம் கடைகளில் தண்ணீர் உறிஞ்சாத இ.வி.ஏ. ஃபோம் என்று கேளுங்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழியும்போது நீர் சொட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரொட்டி அறுக்கும் கத்தியால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து வளைவு எடுக்கலாம். ஃபோமோடு ஃபோமை ஒட்ட எஸ்.ஆர். என்கிற செயற்கை ரப்பர் பசை போதும். படகின் பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் அது நிற்காது. நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வார்க்கிற அதே பாலிஎத்திலீன்தான் படகும், எந்தப் பசைக்கும் அது எளிதில் பிடி கொடுக்காது. அதனால் அளவை இரண்டு மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, இறுக்கிச் செருகுங்கள்.

இறுக்கம் பயமாக இருக்கிறது என்பார்கள். நியாயமான பயம், அதற்குச் சோதனை உண்டு. புல்தரையில் படகில் உட்கார்ந்து, ஸ்கர்ட்டை மாட்டி, கண்ணை மூடி, முன்னால் குனிந்து, விளிம்பைத் தடவிக்கொண்டே போய் இழுகயிற்றைப் பிடித்து முன்னால் தள்ளி இழுத்து, கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றி வெளியே வர வேண்டும். கால்களைத் தளர்த்தியதும் உடம்பு வழுக்கிக்கொண்டு வந்தால் அளவு சரி. இதைப் பத்துத் தடவை தரையில் செய்த பிறகு, மார்பளவு தண்ணீரில் ஒருவர் பக்கத்தில் நிற்கக் கவிழ்ந்து செய்யுங்கள். முதல் ஸ்கர்ட், விளிம்பில் எலாஸ்டிக் கயிறு வைத்த வகையாக இருக்கட்டும். ரப்பர் பட்டை வைத்தது புதிதாக இருக்கும்போது விரல் பலத்தைச் சோதிக்கும்.

பழைய படகு

புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும், இடத்தை அடைக்கும் சரக்குக்கான கூலியும் சேர்ந்து விலை எங்கோ போய்விடும். கேரளத்திலும் ரிஷிகேஷிலும் கை மாறுகிற படகுதான் பலருக்கு முதல் படகு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்த்து வாங்க வேண்டும். இருக்கைக்கு அடியில் அடிப்பகுதி உட்புறமாகக் குழிந்திருந்தால் பதற வேண்டாம், ஒரு நாள் சித்திரை வெயிலில் கவிழ்த்து வைத்தால் ஓரளவு நிமிரும். அதே இடத்தில் முடிபோல் கோடு ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். பின்முனையின் அடியை விரலால் அமுக்கிப் பாருங்கள், பாறையில் தேய்ந்து மெலிந்திருந்தால் அமுங்கும். குறுக்கிணைப்புப் (கிராஸ்லிங்க்) பிளாஸ்டிக்கில் வார்த்த படகு விரிசல் விட்டால் வெல்டிங் பிடிக்காது, சாதாரண நேரியல் பாலிஎத்திலீன் என்றால் பிடிக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறம் வெளுத்து, தேய்த்தால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டினால் அது வெயிலில் கிடந்த படகு. பின்முனை வலப்பக்கம் பொறித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாதிரி ஆண்டைச் சொல்லும். முன்னும் பின்னும் உள்ள உலோகப் பிடிகளின் போல்ட் துருவேறி இருக்கக் கூடாது, மீட்புக் கயிறு அதில்தான் மாட்டும். பின்பகுதியில் காற்றுப்பை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் தண்ணீர் நிறைந்த படகு 200 கிலோவுக்கு மேல் கனக்கும், ஓட்டத்தில் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துடுப்பு 188 முதல் 194 செ.மீ., தண்டு மெலிதானது, இலை சிறியது. கணவரின் 200 செ.மீ. துடுப்பு மணிக்கட்டைக் கெடுக்கும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால் அது தாடைக்கு ஏறக் கூடாது. பெண்ணுடலின் மார்பு வளைவுக்கு வெட்டியது கிடைத்தால் அதையே எடுங்கள். ஹெல்மெட்டில் இ.என். 1385 என்ற குறி இருக்கட்டும். உச்சிக்கொண்டை போட்டுக்கொண்டு அளவு பார்த்தால் ஆற்றில் அது நெற்றியை விட்டு ஏறிவிடும். தாழப் பின்னிய சடையோடு அளவு பாருங்கள், சடையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய இறுக்கமான நீச்சல் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஜிமிக்கி வேண்டவே வேண்டாம்.

படகு முதல் தடவை தண்ணீரில் மிதக்கும்போது ஒருவரைக் கரையில் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, முன்முனையும் பின்முனையும் தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் அமுங்கினால் பின்பகுதி வழுக்கிப் படகு பரிசல்போல் சுற்றும், இருக்கையை ஒரு துளை பின்னால் தள்ளுங்கள். பின்னால் அமுங்கினால் மூக்கு அலைகிறபடி அலையும், ஒரு துளை முன்னால். சரியான இடம் கிடைத்ததும் இருக்கைத் தண்டவாளத்தில் அழியாத மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். ஃபோம் நாளாக ஆக அமுங்கும், ஏழெட்டுத் தடவை ஆற்றுக்குப் போனதும் இடுப்பில் மறுபடி விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் இன்னொரு அரை செ.மீ. வெட்டி வையுங்கள்.